பூங்குழலி என்ன ஆனாள்?

கோடிக்கரைவாசிகளுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ சொந்த ஊர்ச் சமாசாரம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்த அந்த நவீனத்தில்தானே, கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள் பூங்குழலி இவ்விடத்துக் கடலில் படகு செலுத்தினாள்! ஐந்து பாகங்களை மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு படங்களில் அடக்கினார். சுருக்கியதைக் குற்றம் சொல்லேன். கொட்டகையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

படகும் கடலும் கண்ணுக்கு விருந்துதான். பெண்ணின் மனத்தைத்தான் காணோம். நாவலில், இரவில் சதுப்பு நிலத்தில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று காட்டுகிறவள் அவள். இளவரசர் அருள்மொழியிடம் வைத்த ஆசை பலியாமற்போகவே, புஷ்பத் தொண்டு செய்யும் அத்தை மகன் சேந்தன் அமுதனையே மணாளனாக வரிக்கிறாள். அவனோ உண்மையான மதுராந்தகன். பின்னால் உத்தம சோழன்! படகோட்டிப் பெண் சோழநாட்டு மகாராணியாகிறாள்.

படத்தில் இந்த ஆள்மாறாட்டமே இல்லை. “அது ஆசிரியரின் கற்பனை, சரித்திரத்தில் கண்டராதித்தரின் மகனே உத்தம சோழன்” என்று சிலர் நியாயம் பேசுவார்கள். வாஸ்தவம். பூங்குழலி மட்டும் கல்வெட்டிலிருந்தா வந்தாள்? கற்பனையில் படகை வைத்துக்கொண்டு பட்டத்தைப் பறிப்பது என்ன நீதி?

படம் மட்டும் பார்த்த என் மாணவி ஒருத்தி, “பூங்குழலி கடைசியில் என்ன ஆனாள், ஸார்?” என்றாள். ஐந்தாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். மறுவாரமே முதல் பாகம் கேட்டு வந்தாள்.