வெல்டிங் பட்டறைக்கு மின்சாரமா, என்ஜினா?

உழவு இயந்திரப் பெட்டியின் கொளுக்கி முறிந்தாலும், கலப்பையின் கால் வளைந்தாலும், வெல்டிங் தெரிந்த ஒருவர் அருகில் இல்லையென்றால் விதைப்புப் பிந்திவிடும். மழை நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே மீளக்குடியமர்ந்த கிராமங்களில் இளைஞர்கள் கடன் எடுத்துப் பட்டறை போட முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மெஷினை மின்சாரத்தில் ஓட்டுவதா, என்ஜினில் ஓட்டுவதா என்பதில் பலர் அவசரப்பட்டு முடிவெடுக்கிறார்கள்.

"கரண்டை நம்பேலாது, என்ஜின்தான் கைகொடுக்கும்" என்று நம்மவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990இல் யாழ். குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றபின், மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜின்களே தோட்டங்களுக்கு நீர் இறைத்தன. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும் என்ஜினை ஏற்றிக்கொண்டு போக வழியிருந்தது. மின்கம்பத்தை யார் கொண்டுபோக முடியும்? இந்த அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் கடன் எடுப்பவருக்கு அனுபவத்தோடு கணக்கும் வேண்டும்.

சிறிய டீசல் ஜெனரேற்றர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 3 அலகு மின்சாரமே தரும். இன்றைய டீசல் விலையை மூன்றால் பிரித்து, உங்கள் மின்பட்டியலிலுள்ள ஓர் அலகின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலும், வெல்டிங் வேலையில் கம்பி எரியும் நேரம் சிறிது. அளப்பதும் வெட்டுவதும் பொருத்துவதுமே அதிகம். அவ்வளவு நேரமும் என்ஜின் எண்ணெய் குடித்தபடி ஓடும். மின்மெஷின் அப்போது மிகச் சொற்ப மின்சாரத்தையே எடுக்கும்.

என்ஜின் இருந்தால் எவர் தயவும் வேண்டாம் என்பதும் முழு உண்மையல்ல. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, டீசலுக்கும் நாம் வரிசையில்தான் நின்றோம். அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

மின்சாரத்திலும் குறைகள் உண்டு. மின்வழியின் கடைசியிலுள்ள வீடுகளில் வோல்ற்றளவு விழும். பழைய பாரமான மெஷினைப் போட்டால் அயல்வீட்டு விளக்கும் மங்கும். இன்வேட்டர் மெஷின் அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். ஆயினும் 10ஆம் கேஜ் கம்பிக்கு நூறு அம்பியருக்கு மேல் வேண்டியிருப்பதால், உங்கள் இணைப்பு அதைத் தாங்குமா என்று மின்சார சபையிடம் கேட்டபின்பே வாங்குங்கள். ஏர்த் கம்பி சரியாக இருக்கவேண்டும். கம்பத்தில் கள்ளமாகக் கொழுவி எடுக்கவே கூடாது; அது உயிரைக் குடிக்கும்.

என் கருத்து இதுதான். மின்சாரம் வந்த ஊரில் பட்டறை மின்சாரத்தில் ஓடட்டும். வயலில் நின்றுபோன இயந்திரத்தைத் திருத்தவும், மின்வெட்டு நாளில் அவசர வேலை முடிக்கவும், கமக்காரர் அமைப்பின் பொதுச்சொத்தாக ஒரு வெல்டிங் என்ஜின் இருக்கட்டும். ஆளுக்கொரு என்ஜின் வாங்கி ஆளுக்கொரு கடனில் விழவேண்டாம்.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்களின் நிலை வேறு. காணிப் பத்திரம் இல்லாத இடத்தில் இணைப்புப் பெறுவது கடினம். இன்று அவர்களுக்கு என்ஜினே வழி. உதவி நிறுவனங்கள் ஜெனரேற்றரைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போவதோடு நில்லாமல், அம்மக்களின் காணிக்காகவும் மின் இணைப்புக்காகவும் குரல் கொடுக்கவேண்டும்.

கருவி உழைப்பவனுக்குத் துணையாகவும் பகையாகவும் மாறக்கூடும் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் உணர்த்தினார். சம்பாதிப்பதையெல்லாம் எண்ணெய்க்கே கொடுக்கும் மெஷின் துணையல்ல. கையொப்பம் வைக்குமுன் கணக்குப் பாருங்கள்.