களமும் காட்சித் திரையும்

கால்பந்தாட்டத்தைக் காண்போர் இருவகையினர். களத்தின் ஓரத்தில் அமர்ந்து காண்போர் ஒருவகை. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து காண்போர் மற்றொரு வகை. எண்ணிக்கையில் பின்னவரே மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் ஊரையும் முடிவு செய்கையில் முன்னவரை மறந்துவிடுவது முறையாகுமா? தொடரின் தொடக்க ஆட்டங்களில் இவ்வினா அத்துணை உறைப்பதில்லை. கோப்பை யாருக்கு என்று முடிவாகும் கடைசி ஆட்டங்களிலோ இதுவே முதன்மையான வினா ஆகிவிடுகிறது.

ஒசூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. மாநிலத்தால் நாம் சென்னையைச் சேர்ந்தவர்கள். அது முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பெங்களூரோ ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஆகவே, பெரிய ஆட்டம் ஒன்றை நேரில் காண விரும்பும் நம் இளைஞர் அத்திப்பள்ளியைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். இரு நகரங்களின் அணிகளும் மோதினால் யார் பக்கம் கைதட்டுவது என்பது அவரவர் விருப்பம்.

அத்தகைய மோதல் 2018 மார்ச் 17ஆம் நாள் நடைபெற்றது. இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தைக் கொல்கத்தாவில் நடத்துவதாகவே முதலில் திட்டம் இருந்தது. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே அது பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா அரங்கிற்கு மாற்றப்பட்டது. இறுதியில் மோதியவை பெங்களூரு எப்.சி.யும் சென்னையின் எப்.சி.யும். ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்தார். பின்னர் மெயில்சன் ஆல்வெஸ் இருமுறை தலையால் முட்டிக் கோலாக்கினார். ரபேல் அகஸ்டோ மூன்றாவதைச் சேர்த்தார். 3-2 என்ற கணக்கில் சென்னை வென்றது. நமக்கு இது பெருவாய்ப்பு எனலாம். ஆயினும் தொடரின் நடுவே ஊர் மாற்றி, ஓர் அணியின் சொந்தக் களத்திலேயே இறுதியாட்டத்தை அமைத்தது நெறியாகுமா? விருந்தாளி அணியே வென்றதனால் அவ்வினா அன்று எழாமல் அடங்கிற்று. 2024, 2025ஆம் ஆண்டுகளில் பட்டியலில் மேல்நின்ற மோகன் பகானின் ஊராகிய கொல்கத்தாவில் இறுதியாட்டம் நடந்தது. ஆடிச் சேர்த்த புள்ளிகளால் ஓர் ஊர் பெறும் உரிமை அது. யாரும் குறைசொல்ல இயலாது.

இனி நேரத்தைப் பற்றிச் சில சொற்கள். அன்றைய ஆட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. குடும்பத்தார் தொலைக்காட்சி முன் கூடும் நேரம் அது; விளம்பரக் கட்டணம் உயரும் நேரமும் அதுவே. ஆட்டம் முடியப் பத்து மணி ஆகும். கூடுதல் நேரம் ஆடினால் பதினொன்றை நெருங்கும். அதன்பின் சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி கடந்து ஒசூர் சேர நள்ளிரவு ஆகிவிடும். கிருஷ்ணகிரிக்காரருக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர். அன்று சனிக்கிழமை, மறுநாள் விடுமுறை என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறு, மார்ச் 11 இரவு, அதே களத்தில் புனே அணிக்கு எதிரான அரையிறுதியில் சேத்ரி மூன்று கோல் அடித்தாரே, அதைக் கண்டவர் திங்கள் விடியலில் சிப்காட் தொழிற்சாலையின் முதல் ஷிப்டுக்குச் செல்ல வேண்டியிருந்தால் என்ன செய்திருப்பார்? பள்ளிப் பிள்ளையையும் வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்ல நினைக்கும் தந்தையின் நிலை என்ன? அவர் பெட்டியின் முன்னரே அமர்ந்துவிடுகிறார். கைக்கடிகாரம் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர் ஒசூர். ஆட்ட நேரத்தைக் குறிப்பதில் மட்டும் நம்மைக் கேட்பார் இல்லை!

இரவு ஆட்டமே தீது என்று சொல்ல வரவில்லை. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் வெயிலில் ஓடச் சொல்வது ஆட்டக்காரருக்குக் கொடுமை. 2022இல் சந்தோஷ் கோப்பைப் போட்டி கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் நடந்தபோது அது நோன்பு மாதம். பகலெல்லாம் நோன்பிருந்த மக்கள் இரவு ஆட்டங்களுக்குத் திரண்டு வந்து அரங்கை நிறைத்தனர். மே 2ஆம் நாள் இறுதியாட்டத்தில் வங்காளத்தைக் கேரளம் பெனால்டி உதைகளில் வென்றது. அங்கு இரவு என்பது அவ்வூர் மக்களுக்கே இசைவான நேரமாயிற்று. அந்தந்த ஊரின் வாழ்க்கையைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அடுத்த ஆண்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2023 சந்தோஷ் கோப்பையின் அரையிறுதிகளும் இறுதியும் சவூதி அரேபியத் தலைநகர் ரியாதிற்குக் கொண்டு செல்லப்பட்டன. மார்ச் 4ஆம் நாள் மேகாலயாவை 3-2 என வென்று கர்நாடகம் கோப்பையைக் கைப்பற்றியது. அம்மாநிலம் மைசூர் என்ற பெயரில் 1968-69இல் வென்றதற்குப் பின் 54 ஆண்டுகள் கழித்துக் கிட்டிய வெற்றி! தந்தை சொல்லக் கேட்டிருந்த வெற்றியை மகன் தன் கண்ணால் காணும் நாள் வந்தபோது களம் கடல் கடந்து போயிருந்தது. வளைகுடாவில் உழைக்கும் நம்மவர் சிலர் கண்டு மகிழ்ந்திருப்பர், அதை மறுக்கவில்லை. ஆனால் மாநிலங்களுக்கிடையிலான போட்டியில் மாநிலத்து மக்களுக்கே இடமில்லை என்பதை எங்ஙனம் ஏற்பது?

நேரம் பற்றிய நியாயம் பார்வையாளரோடு முடிவதும் இல்லை. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசிப் பிரிவு ஆட்டத்தை ஜூன் 24ஆம் நாள் ஆடி முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மோதிய மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எந்த முடிவு போதும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஜெர்மனி ஒரு கோல் அடித்தபின் இரு அணிகளும் பந்தைச் சும்மா உருட்டிப் பொழுதைப் போக்கின. அல்ஜீரியா வெளியேறியது. அதன்பின்னரே பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்னும் விதி வந்தது. தொலைக்காட்சிக்கு இது நட்டம். இரண்டு ஆட்டங்களைத் தனித்தனியே விற்க முடியாது. எனினும் விதி நிலைத்தது.

நம் மாநிலமும் அதன் பயனைக் கண்டிருக்கிறது. 2019 மார்ச் 9ஆம் நாள் ஐ-லீக்கின் இறுதி நாள். கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எப்.சி.யும், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஒரே நேரத்தில் மாலையில் களமிறங்கின. இரு அணிகளும் முதலில் பின்தங்கின. இரண்டும் மீண்டெழுந்து வென்றன. ஒரு புள்ளி முன்னிலையில் கோப்பை கோயம்புத்தூருக்கே கிடைத்தது. மாலை ஆட்டம், தாம் ஆண்டு முழுதும் ஆதரித்த அணி, தம் ஊர்க் களம்: அம்மக்கள் கொடுத்து வைத்தவர்கள்.

தொலைக்காட்சியைப் பகையாகக் கருதுவதும் பிழையே. 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு வணிக உரிமைகளை வழங்கியது. அவ்வொப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். தொடர் நிறுத்திவைக்கப்பட்டது, அவ்வாண்டு இறுதிவரை பந்து உருளவில்லை. பணம் தருவோர் விலகினால் ஆட்டக்காரரின் ஊதியமே நின்றுபோகும் என்பதை அப்போது கண்டோம். ஆனால் நிறைந்த அரங்கின் ஆரவாரத்தைத்தானே திரையும் விற்கிறது? காலியான இருக்கைகளைக் காட்டி எத்தனை நாள் விளம்பரம் பெற முடியும்?

ஆகவே, அட்டவணை வெளியிடும் நாளிலேயே இறுதியாட்டத்தின் ஊர் எவ்வாறு முடிவாகும் என்ற விதியையும் வெளியிட வேண்டும்; நடுவில் மாற்றலாகாது. வார இறுதியின் கடைசி ஆட்டங்களை மாலை ஐந்தரைக்குத் தொடங்கலாம். 2017-18 தொடரின் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நேரத்தில் ஆட்டங்கள் நடந்தவையே. 2025 ஆகஸ்டு முதல் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரம் வரை வந்துள்ளது. அங்கிருந்து ஒசூர் பேருந்தில் சிறுதொலைவே. கண்டீரவாவில் ஆட்ட நேரம் குறிப்போர் விளம்பர அட்டவணையின் அருகில் அந்த வண்டியின் கடைசி நேரத்தையும் வைத்துப் பார்க்கட்டும்.