பயணிக்கு பூட்டு... பரிமாறியவருக்கு டூட்டி! சொகுசு கப்பலில் கொரோனா புகுந்து விளையாடிய கதை

டக்... டக்... கதவு தட்டும் சத்தம். திறந்தால் முகக்கவசம் போட்ட ஊழியர். கையில் சாப்பாட்டுத் தட்டு. வாங்கிக்கொண்டு உடனே கதவை சாத்திவிட வேண்டும். வெளியே எட்டிப் பார்க்கக்கூட கூடாது.

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 2020 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' சொகுசு கப்பலில் மூன்று வேளையும் நடந்த காட்சி இது. அறைக்குள் அடைபட்டவர்கள் 2 ஆயிரத்து 666 பயணிகள். அவர்களுக்கு சமைத்து, தட்டு தூக்கி, துணி மாற்றி, கப்பலையும் கவனித்தவர்கள் 1,045 ஊழியர்கள். ஆக மொத்தம் 3 ஆயிரத்து 711 பேர். கடைசியில் இதில் 712 பேருக்கு கொரோனா!

உலகமே பயணிகளைத்தான் பார்த்தது. பால்கனியில் நின்று கையாட்டியதை எல்லாம் டி.வி.யில் காட்டினாங்க. கதவைத் தட்டிவிட்டுப் போன அந்த ஊழியர் அதுக்கப்புறம் எங்கே போனார்? எங்கே சாப்பிட்டார்? யாரோடு படுத்தார்? வில்லங்கமே அங்கேதான் இருந்தது.

2 நாள் தாமதம்

2020 ஜனவரி 20-ந் தேதி யோகோஹாமாவில் இருந்து கப்பல் கிளம்பியது. அதில் ஏறிய 80 வயது முதியவர் ஒருவர் 25-ந் தேதி ஹாங்காங்கில் இறங்கிப் போய்விட்டார். பிப்ரவரி 1-ந் தேதி அவருக்கு கொரோனா என்று தெரிந்தது.

3-ந் தேதி இரவு கப்பல் யோகோஹாமாவுக்கு திரும்பியது. அதிகாரிகள் ஏறி அறை அறையாக உடல் சூடு பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்கு உடனே பூட்டுப் போடவில்லை. ஒரு பக்கம் காய்ச்சல் பரிசோதனை, இன்னொரு பக்கம் பந்தி. முதல் கட்டமாக 31 பேரின் முடிவு வந்தது. அதில் 10 பேருக்கு தொற்று. அதுக்கப்புறம்தான், 5-ந் தேதி, 'எல்லோரும் அறையை விட்டு நகரக்கூடாது' என்று உத்தரவு.

சொகுசு கப்பல் பந்தி எப்படி இருக்கும் தெரியுமா? நம்ம ஊர் கல்யாண வீட்டில் இலை போட்டு பரிமாறுவது போல அல்ல. நீள மேஜையில் ஐட்டங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் தானே போட்டுக்கொள்ள வேண்டும். 'பஃபே' என்பார்கள். ஒரே கரண்டியை நூறு பேர் பிடிப்பார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் மோதிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் அதே கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசி சாப்பிடுவார்கள்.

பயணிகளில் பெரும்பாலோருக்கு 5-ந் தேதிக்கு முன்பே தொற்று ஒட்டிக்கொண்டது என்பதுதான் ஜப்பான் தேசிய தொற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொன்ன கணக்கு. பூட்டு போட்ட பிறகு பயணிகளிடம் புது தொற்று குறைந்தது. ஒரே அறையில் இருந்த கணவன்-மனைவி மாதிரி ஜோடிகளுக்குள் பரவியது நிற்கவில்லை. ஊழியர்களிடமும் நிற்கவில்லை.

மூன்றாவது தளத்தில் நடந்தது என்ன?

இங்கேதான் சாப்பாட்டு விவகாரம் சூடு பிடிக்கிறது. ஊழியர்களைப் பற்றி அப்போதே ஒரு விசாரணை நடந்தது. அமெரிக்க நோய் தடுப்பு மையத்தின் வார அறிக்கையில் அது வெளியானது. பிப்ரவரி 9-ந் தேதி வரை தொற்று உறுதியான ஊழியர்கள் 20 பேர். அதில் 15 பேர் சாப்பாட்டுப் பிரிவு. சமையல், பரிமாறல் வேலை. இந்த 20 பேரில் 16 பேருக்கு அறை கப்பலின் மூன்றாவது தளத்தில். சாப்பாட்டுப் பிரிவு ஆட்கள் தங்கும் தளமே அதுதான்.

அப்படியானால் சாப்பாட்டில் கொரோனா இருந்ததா என்று கேட்கலாம். இல்லை. இது மூச்சுக் காற்றில் பரவும் கிருமி. சோற்றையும் குழம்பையும் குறை சொல்ல முடியாது. குழம்பைச் சுற்றி கூடுகிற கூட்டம்தான் சிக்கல்.

பயணியின் கூட்டத்தைக் கலைத்தாகிவிட்டது. ஆளுக்கொரு அறை, வாசலில் தட்டு. ஆனால் அந்தத் தட்டை நிரப்ப அடுக்களையில் தோளோடு தோள் நின்று வேலை செய்தாக வேண்டும். வேலை முடிந்ததும் ஊழியர் மெஸ்ஸில் கும்பலாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்புறம் இரண்டு பேர் படுக்கிற சின்ன அறைக்குப் போக வேண்டும். குளியலறை பலருக்கும் பொது. இப்படி இருந்தால் முகக்கவசம் எத்தனை நேரம் மூக்கில் இருக்கும்? சாப்பிடும்போது கழற்றித்தானே ஆகணும்!

காய்ச்சல் கண்டவர்களை மட்டும் வேலையில் இருந்து எடுத்தார்கள். அதிலும் ஓட்டை. தொற்று உறுதியான 712 பேரில் 331 பேருக்கு பரிசோதனை செய்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை! காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. உடல் சூடு பார்க்கும் கருவி என்ன செய்யும், பாவம்.

இத்தனைக்கும் சாதாரண காலத்திலேயே கப்பல் வேலை லேசானது இல்லை. கடல் ஊழியர்களுக்கான சர்வதேச சட்டமே ஒரு நாளில் 14 மணி நேரம், ஒரு வாரத்தில் 72 மணி நேரம் வரை வேலைக்கு இடம் கொடுக்கிறது. பயணிகள் கூடத்துக்கு வந்து தானே போட்டு சாப்பிட்டபோது இருந்த வேலை வேறு. ஆயிரக்கணக்கான அறை வாசலுக்கு மூன்று வேளையும் தட்டு தூக்குவது வேறு. தனிமைப்படுத்தல் என்பது பயணிக்கு ஓய்வு, ஊழியருக்கு கூடுதல் டூட்டி என்று ஆனது.

பிப்ரவரி 18-ந் தேதி கப்பலுக்குள் போய்வந்த கோபே பல்கலைக்கழக பேராசிரியர் கென்டாரோ இவாட்டா, வீடியோவில் போட்டு உடைத்தார். சுத்தமான பகுதி எது, கிருமி உள்ள பகுதி எது என்று பிரிக்கவே இல்லை, பாதுகாப்பு உடையோடு செல்போனைத் தொடுகிறார்கள், கையுறையோடு சாப்பிடுகிறார்கள் என்றார். பெரிய பரபரப்பு! நடவடிக்கைகள் சரியாகத்தான் நடந்தன என்று ஜப்பான் அரசு தரப்பில் பதில் வந்தது.

'எங்களையும் காப்பாத்துங்க'

இந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர். பயணிகள் வெறும் 6 பேர்தான். மீதி 132 பேரும் ஊழியர்கள். கப்பலுக்குள் இருந்தபடியே சிலர் வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். எங்களுக்கும் பரிசோதனை செய்யுங்க, தனியாப் பிரிங்க, ஊருக்கு கூட்டிட்டு போங்க என்று கெஞ்சினார்கள். கடைசியில் 16 இந்தியர்களுக்கு தொற்று உறுதியானது. பிப்ரவரி 27-ந் தேதி ஏர் இந்தியா தனி விமானத்தில் 119 இந்தியர்கள் டெல்லி வந்து சேர்ந்தார்கள். இலங்கை, நேபாளம், தென் ஆப்பிரிக்கா, பெரு நாட்டைச் சேர்ந்த 5 பேரும் அதே விமானத்தில் வந்தார்கள். வந்தவர்களை நேராக மானேசர் ராணுவ முகாமில் தனிமையில் வைத்தார்கள்.

பயணிகள் பிப்ரவரி 19-ந் தேதி முதல் வெளியேற ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி ஊழியர்களும் கேப்டனும் இறங்கியது மார்ச் 1-ந் தேதி.

கை கழுவத் தெரியும்... காற்று?

தொற்று நோய் என்றால் என்னவென்றே தெரியாத தொழில் இல்லை இது. வாந்தி-பேதி கொண்டு வரும் 'நோரோ' வைரஸ் சொகுசு கப்பல்களுக்கு பழைய எதிரி. அமெரிக்காவில் 1975-ம் ஆண்டு முதலே கப்பல் சுகாதார சோதனைத் திட்டம் உண்டு. 100 மார்க்குக்கு 86 எடுத்தால்தான் பாஸ். பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் தனியாக எச்சரிக்கை கொடுக்க வேண்டும். உடனே பஃபே கரண்டியை பயணி கையில் கொடுக்காமல் ஊழியரே பரிமாறுவார்.

சாப்பாட்டுக் கூட வாசலில் கை கழுவும் தொட்டி வைத்ததும் நோரோவுக்குப் பயந்துதான். கையில் தேய்க்கிற சானிடைசர் அந்த வைரஸ் முன்னால் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான் சரி.

எல்லாம் கையையும் கரண்டியையும் கணக்கில் வைத்த ஏற்பாடு. கொரோனா காற்றில் வந்தது. கரண்டியைப் பளபளவென்று துடைத்து வைத்தால் என்ன? தாழ்வான கூரை போட்ட மெஸ்ஸில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டால் கதை முடிந்தது.

அறை கிடைத்தது... போனது!

2020 மார்ச் 14-ந் தேதி அமெரிக்கா சொகுசு கப்பல் பயணங்களுக்கு தடை போட்டது. பயணிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊழியர்கள் போக முடியவில்லை. துறைமுகங்கள் மூடல், விமானங்கள் ரத்து. ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள். 'மரெல்லா டிஸ்கவரி' என்ற கப்பலில் வந்த 140-க்கும் மேற்பட்ட இந்திய ஊழியர்கள், சொந்த நாட்டுக் கடலிலேயே காத்துக் கிடந்து 2020 ஏப்ரல் கடைசியில்தான் மும்பையில் கால் வைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊழியர்களுக்கென்று விதி வந்தது. ஆளுக்கொரு தனி அறை, தனி குளியலறை. ஊழியர் மெஸ்ஸிலும் தானே எடுத்துப் போடும் முறை கிடையாது. இதெல்லாம் பிப்ரவரியில் மூன்றாவது தளத்தில் கேட்டிருந்தால் 'இடம் இல்லை' என்றிருப்பார்கள். இப்போது பயணிகளே இல்லை, அறைகள் காலி. பால்கனி வைத்த அறையில்கூட ஊழியர் படுத்தார்.

2021 ஜூன் 26-ந் தேதி 'செலிபிரிட்டி எட்ஜ்' கப்பல் புளோரிடாவில் இருந்து பயணிகளோடு கிளம்பியது. அமெரிக்காவில் மறுபடியும் வியாபாரம் ஆரம்பம். தடுப்பூசி போட்டிருக்கணும், மேஜைகளுக்கு நடுவே இடைவெளி வேணும், பஃபேயில் ஊழியர்தான் எடுத்துப் போடணும் என்று பல கப்பல்களில் கெடுபிடி. அப்படியும் முழுசாகத் தப்பவில்லை. 2022 ஜனவரி முதல் வாரத்தில் மும்பையில் இருந்து கோவா போன சொகுசு கப்பலில் ஏறக்குறைய 2 ஆயிரம் பேர் இருந்தார்கள். முதலில் ஓர் ஊழியருக்கு தொற்று என்று தெரிந்து எல்லோரையும் பரிசோதித்தார்கள். 66 பேருக்கு தொற்று. கப்பல் மும்பைக்கே திரும்பியது.

2022 ஜூலை 18-ந் தேதி அமெரிக்க நோய் தடுப்பு மையம் கப்பல்களுக்கான கொரோனா திட்டத்தையே முடித்துக்கொண்டது. பஃபே கரண்டி மறுபடியும் பயணி கைக்கு வந்துவிட்டது. பால்கனி அறைகளும் பயணிகளுக்கே போய்விட்டன. தட்டு தூக்குகிறவர்களில் பலர் இன்றைக்கும் கீழ்த்தளத்தில், இரண்டு பேருக்கு ஓர் அறையில்தான் படுக்கிறார்கள்.