36 நாளில் அடங்காத எழுத்து

தினமும் ஒரு எழுத்தோவியம் வரைந்து போடுவது நல்ல பழக்கம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன். தினமும் வரைவதை அல்ல, தினமும் 'போடுவதை'.

பார்சிலோனாவில் 2014இல் ஆரம்பித்த '36 டேஸ் ஆஃப் டைப்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாளுக்கு ஒரு எழுத்து, நாளுக்கு ஒரு எண். 26 எழுத்து, 10 எண், மொத்தம் 36. கணக்கு கச்சிதம், ஆனால் ஆங்கிலத்துக்கு. அதே சட்டையைத் தமிழுக்கு மாட்டிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆச்சா, 31. மீதி அஞ்சு நாளைக்கு ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ. சவால் முடிந்தது, கைதட்டு கிடைத்தது. மிச்சம் 216 உயிர்மெய் எங்கே போச்சு?

அங்கேதான் விஷயமே இருக்கிறது. உகரத்தை மட்டும் எடுங்கள். சு, பு, வு இவற்றில் அது ஒரு காலாகக் கீழே இறங்கும். து, நு, லு இவற்றில் வால் அடியில் சுழன்று வலப்பக்கம் மேலே எழும். கு, டு, மு இவற்றில் வளைந்து இறங்கி எழுத்தின் அடியையே அணைத்துக்கொள்ளும். ஒரே ஒலிக்கு இத்தனை உடம்பு. இதைக் கையில் ஏற்றாதவர் 'குடும்பம்' என்று ஒரு சொல்லை ஒழுங்காக வரைய முடியாது. வரைந்தாலும் கு ஒரு வீடு, டு ஒரு வீடு என்று தனித்தனியாக நிற்கும்.

ஆனால் நம் ஆட்கள் எதை வரைகிறார்கள்? ழ. டீ-ஷர்ட்டில் ழ, பச்சையாக ழ, நோட்டு அட்டையில் ழ. ழகரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தனியாக நிற்கும் எழுத்துக்கு அண்டை வீடு கிடையாது என்பதுதான் சிக்கல். எழுத்து வரைவதில் பாதி வேலை எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விடும் வெற்றிடம். 'வாழைப்பழம்' என்று எழுதும்போது ழ-வின் வால் பக்கத்தில் வரும் ப்-பின் காலை இடிக்குமா, இடம் விடுமா? தினமும் ஒரு ழ என்று நூறு நாள் வரைந்தாலும் இந்தக் கேள்வி உங்கள் முன் வராது.

அடுத்தது இரவல் விதி. பிரஷ் பென் வாங்கினவுடன் எல்லா வீடியோவும் சொல்லித்தரும் முதல் பாடம்: கீழே இறங்கும் கோடு தடி, மேலே ஏறும் கோடு மெல்லிசு. இது கூர்முனைப் பேனாவில் ஆங்கிலம் எழுதியதிலிருந்து வந்த விதி. பேனாவை அழுத்தினால் முனை விரியும், தள்ளினால் விரியாது. சரி, இதை ப-வுக்குப் போடுங்கள். ஒரே இழுப்பில் இறங்கி, வலது பக்கம் போய், ஏறுகிறோம். இடது கால் தூண் மாதிரி, வலது கால் நூல் மாதிரி. ஆங்கில 'யூ' எழுத்தில் ஏறிய கை மறுபடி இறங்கி வலது பக்கத்தைத் தடிமனாக்கிவிடும். நம் ப-வில் அந்த இரண்டாவது இறக்கம் இல்லை. ட-வும் இப்படித்தான். ட-வை ட ஆக்குவது அடியில் ஓடும் படுக்கைக் கோடு. அதை மெல்லிசாக்கிவிட்டு, எழுத்து ஏன் சரிகிறது என்று யோசித்தால் எப்படி?

ஓலையில் எழுத்தாணியால் எழுதியபோது கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில்தான் ஓடியது. அதற்காக அங்கேயே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. தடி எங்கே, மெல்லிசு எங்கே என்பதை ஒவ்வொரு எழுத்தின் ஓட்டத்தையும் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய நாள் வேணும். நாளைக்குக் காலை போஸ்ட் போட வேண்டியவருக்கு அந்த நாள் கிடைக்காது. அவர் பளபளப்பை ஏற்றி, நிழல் போட்டு, மேலே ரெண்டு பூ வைத்து ஓட்டையை மறைப்பார்.

"போட்டாத்தான் பாஸ் ஒழுங்கு வரும், இல்லைனா மூணாம் நாளே விட்டுருவேன்" என்பார்கள். இது உண்மையான வாதம்தான். பார்க்க ஆள் இருந்தால் கை ஓடும். ஆனால் பார்க்கிறவர் கேட்பது தினமும் புதுசு. பயிற்சி கேட்பது தினமும் பழசு. ரெண்டும் எதிரும் புதிரும். ஓவியர் கே. எம். ஆதிமூலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் வரைந்த தலைப்பெழுத்துகளை இன்றும் பார்த்த உடனே அடையாளம் சொல்லிவிடலாம். அவர்தான் 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தி ஒருவரையே திரும்பத் திரும்பக் கோடுகளில் வரைந்தவர். பார்க்க ஆள் வேண்டுமென்றால் ஒரு நண்பரிடம் வாரம் ஒரு முறை நோட்டைக் காட்டுங்கள். போதும்.

இதில் இவ்வளவு சூடாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. நம்மில் பலருக்குப் பள்ளிப் பரீட்சையோடு தமிழைக் கையால் எழுதுவது முடிந்துவிட்டது. வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசுகிறோம். இன்னொரு பக்கம், பலகையும் சுவரும் எழுதியவர்களின் வேலையை ஃபிளெக்ஸ் தின்றுவிட்டது. 'பேருந்து நிலையம்' என்ற நீளச் சொல்லை ஒரு குட்டிப் பலகையில் எப்படி அடக்குவது, எதை ஒடுக்குவது, எதைத் தொடக்கூடாது என்பது அவர்கள் கையில் இருந்த அறிவு. புத்தகமாக அதிகம் இல்லை. ஒரு இளைஞர் இன்று தானாகவே பேனா எடுத்துத் தமிழ் எழுத உட்காருகிறார் என்றால் அது அபூர்வம். அந்த ஆசையை 36 நாள் வாணவேடிக்கையாக எரித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

என்னதான் செய்யணும்? ரெண்டு பென்சிலை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டுங்கள். பட்டை முனைப் பேனாவின் ஓட்டம் சில ரூபாயில் கிடைத்துவிடும். இரட்டைக் கோடு நோட்டு போதாது. கி-யின் கொக்கிக்கு மேலே ஒன்று, சு-வின் காலுக்குக் கீழே ஒன்று என்று நாலு கோடு நீங்களே போடுங்கள். வாரத்துக்கு ஒரு சொல், ஏழு நாளும் அதே சொல். தத்துவ மேற்கோள் வேண்டாம். 'கடை', 'பூட்டு', 'கொழுக்கட்டை' மாதிரி வாயில் புழங்கும் சொல் போதும். சாயங்காலம் ஒரு பழைய கடைத்தெருவில் நடங்கள். 1978 அரசாணை மாற்றிய 13 எழுத்தில் சில, தும்பிக்கை வைத்த லை, ணை, சில பலகைகளில் இன்னும் மிச்சம் இருக்கும். போட்டோ எடுக்காதீர்கள், நின்று வரையுங்கள். பலகை எழுதினவர் யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, இந்த டு ஏன் சரியா வரலை?" என்று கேட்டுப் பாருங்கள்.