நீருக்கும் வழி விடுவோம்



தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தை உங்களில் பலர் கடந்து சென்றிருப்பீர்கள். அவ்வூருக்கு ஓர் ஏரி உண்டு. அடுத்துள்ள சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்களுக்கும் ஏரிகள் உண்டு. இப்பகுதி ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஒன்று நிரம்பினால் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரியை நாடிச் செல்லும். செம்பாக்கம் ஏரியின் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைச் சேர்கிறது. முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து இது.

இந்நிலப்பரப்பில் சாலைகள் பெருகுகின்றன. சாலையே வேண்டாம் என்று கூறுவது அறிவுடைமையாகாது. பிள்ளைகள் பள்ளி செல்லவும் நோயாளிகள் மருத்துவமனை சேரவும் சாலை வேண்டும். ஆனால், மண் கொட்டி உயர்த்திய சாலை ஒரு கரையாகவும் மாறிவிடுகிறது என்பதை மறத்தலாகாது. அதன் அடியில் போதிய பாலங்கள் இல்லையெனில் நீர் எங்கே செல்லும்? நம் வீட்டிற்குள்தானே! பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊடறுத்தே செல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அச்சுற்றுவட்டாரம் பட்ட துயரத்தை யார் மறப்பர்? எஞ்சிய சதுப்பில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர், 2022இல்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

பழஞ்சின்னங்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மாடம்பாக்கத்துச் சோழர் காலக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. அத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரையறுக்கிறது. பல்லாவரத்திலோ, 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தது ஒரு சரளைக் குழியில்தான்! சாலைக்கென அள்ளும் சரளையிலும் வரலாறு புதைந்திருக்கலாம் அன்றோ?

கோயிலுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. பெயரற்ற வாய்க்காலுக்கு நாம்தான் காவல் நிற்க வேண்டும். ராஜகீழ்ப்பாக்கம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. உங்கள் பகுதியில் புதுச்சாலை வருகிறதெனில், வார்டு உறுப்பினரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். வருவாய்த்துறை வரைபடத்திலுள்ள எந்த வாய்க்காலை இச்சாலை கடக்கிறது? அங்கே அமையும் பாலம் பெருமழை நீரைத் தாங்குமா? பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்னர்ப் புதுத்தார் போடுவார்களா, அன்றி அதன்மேலேயே போட்டு நம் வாசற்படியைப் பள்ளமாக்குவார்களா? வேலை தொடங்குமுன் கேட்பதே பயன் தரும். பாலம் எழுந்தபின் கேட்பது, வெள்ளம் வடிந்தபின் மணல்மூட்டை தேடுவதை ஒக்கும்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் நற்செயலே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாதையே நீரின் வழியில் முள்ளாகிவிடாமல் காப்பதும் நம் கடமையன்றோ? இந்த ஞாயிறன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் சென்று, கலங்கல் எங்கே, வாய்க்கால் எங்கே என்று காட்டுங்கள். அறிந்திருந்தால்தான் நாளை அவர்களும் அதற்காகக் குரல் கொடுப்பார்கள்.