காலைக் கட்டிய குழந்தை

திருநெல்வேலிச் சீமையில் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்ல வேண்டும். இதுதான் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் திட்டம். 1867-ல் அயர்லாந்தில் பிறந்த அவர் முதலில் போக விரும்பியது சீனாவுக்கு. உடல்நிலை காரணமாக அந்த வாசல் அடைபட்டது. 1893-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கேயும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1895-ல் இந்தியா வந்து, தமிழ் கற்று, பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களோடு கிராம ஊழியத்தில் இறங்கினார். ஊழியம் நன்றாகவே நடந்தது.

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா. பொட்டுக்கட்டி விடப்படுவதற்காக வைக்கப்பட்டிருந்த இடத்திலிருந்து தப்பி வந்தவள். அவளுக்குப் பின் இன்னும் சிலர் வந்தார்கள். கைக்குழந்தைகளும் வந்தார்கள்.

இப்போது யார் ஊர் ஊராகப் போவது? பால் காய்ச்ச வேண்டும், துணி துவைக்க வேண்டும், ராத்திரி அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்ட வேண்டும். பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிவிடும் என்பார்கள். ஊழியக்காரி ஆயா வேலை பார்ப்பதா என்ற கேள்வியும் எழுந்தது. சீடர்களின் கால்களைக் கழுவ ஆண்டவரே துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டதை ஏமி நினைத்துப் பார்த்தார். வண்டிப் பயணங்களை விட்டார். டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயானார்.

அவர் விட்டது பாவமான காரியம் அல்ல. பரிசுத்தமான ஒரு திட்டம். அதுதான் கடினம். தவறான வழியை விட்டுத் திரும்பச் சொன்னால் விசுவாசிக்குப் புரிகிறது. ஆண்டவருக்காகவே போட்ட திட்டத்தை அந்த ஆண்டவரே நிறுத்தும்போது மனம் தடுமாறுகிறது.

பவுலுக்கும் இதே அனுபவம்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரத்தில் அவர் ஆசியா நாட்டில் பிரசங்கிக்க நினைத்தார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குத் திரும்பினார், அதற்கும் அனுமதி இல்லை. துரோவா பட்டணத்தில் இரவில் ஒரு தரிசனம்: மக்கெதோனியன் ஒருவன் உதவிக்கு அழைக்கிறான். அடைபட்ட இரண்டு கதவுகளும் அவரைக் கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. கப்பலேறினார். பிலிப்பியில் லீதியாளின் இருதயம் திறந்தது.

ஆனாலும், வழியில் வரும் ஒவ்வொரு தடையும் தேவ சத்தம் ஆகிவிடாது. பவுல் தரிசனம் கண்டதும் தனியாக ஓடிவிடவில்லை. உடன் இருந்தவர்களும் சேர்ந்து, இது தேவன் அழைப்பதே என்று நிச்சயித்த பின்புதான் புறப்பட்டார்கள். ஜெபம், வேத வசனம், பக்குவப்பட்டவர்களின் ஆலோசனை என்ற மூன்றும் ஒரே திசையைக் காட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது. இன்னொரு அடையாளமும் உண்டு. அந்த வழி, கண்ணெதிரே நிற்கும் எளியவரை நேசிக்கச் சொல்கிறதா, அல்லது அவரைத் தாண்டிப் போகச் சொல்கிறதா?

மனிதன் வழியை யோசிக்கலாம், அடியெடுத்து வைக்கச் செய்கிறவர் கர்த்தர் என்பதே நீதிமொழிகள் 16:9 தரும் போதனை. யோசிப்பதை அது தடை செய்யவில்லை. யோசித்ததை இறுகப் பிடித்துக்கொள்ளாமல் கையைத் திறந்து வைக்கச் சொல்கிறது.

1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார் ஏமி. அதன் பின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கைதான். மறுபடியும் திட்டம் மாறியது. படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். 1951-ல் காலமான அவர், தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் பொறித்தது ஒரே ஒரு சொல்: அம்மா.

அவர் போட்ட எந்தத் திட்டத்திலும் அந்தச் சொல் இருந்ததில்லை.