பக்கத்து வீடு தங்கும்விடுதி ஆனால், யாரைக் கேட்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு மணி 1.40. எங்கள் வீட்டுக் கதவின் பிடியை யாரோ வெளியிலிருந்து திருகினார்கள். அம்மா பதறி எழுந்தார். கம்பிக் கதவுக்கு அப்பால் இரண்டு பெட்டிகள், தூங்கி வழியும் ஒரு குழந்தை, கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கும் கணவன் மனைவி. “சாரி ஆன்ட்டி, 9-7னு போட்டிருந்துச்சு, 9-1ன்னு பார்த்துட்டோம்.” அவர்கள் மேல் தவறில்லை. ஆனால் அம்மாவுக்கு அதன்பிறகு தூக்கம் வரவில்லை. ஞாயிறும் வேலை. விடியற்காலை 4.30க்கு பேருந்தைப் பிடித்து, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போக வேண்டும். ஜொகூர் பாருவில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அத்தை நகரத்தின் வேறொரு கட்டடத்தில் தன் ஒரே வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறார். மாமா இறந்த பிறகு வங்கிக் கடனும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அந்த வருமானத்தில்தான் ஓடுகின்றன. வார இறுதியில் ஓர் இரவுக்கு 280 ரிங்கிட் கிடைக்கும். மாத வாடகைக்கு விட்டால் அதில் பாதிகூடத் தேறாது என்பது அவர் கணக்கு.

அம்மாவின் தூக்கமும் அத்தையின் கடனும் ஒரே சட்டத்துக்குள் எப்படி அடங்கும்? பாடத்துக்காகப் படிக்க ஆரம்பித்த விஷயம் இது. இப்போது வீட்டு விவகாரமாகிவிட்டது.

‘ஹோம்ஸ்டே’ என்ற பெயர்க் குழப்பம்

நாம் எல்லாரும் இதை ‘ஹோம்ஸ்டே’ என்றே சொல்கிறோம். சுற்றுலா அமைச்சின் ஹோம்ஸ்டே திட்டம் 1995-இல் பகாங், தெமெர்லோவில் உள்ள டேசா மூர்னியில் தொடங்கியது. அதில் விருந்தினர் கிராமத்துக் குடும்பத்தோடு தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்கள் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வருவார். பக்கத்து 9-7-இல் அப்படி எந்தக் குடும்பமும் இல்லை. சாவி ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, உரிமையாளரை நாங்கள் பார்த்ததே கிடையாது. இதற்குச் சரியான பெயர் குறுகிய கால வாடகைத் தங்குமிடம். பெயரைச் சரியாக வைத்தால்தான் எந்தச் சட்டம் பொருந்தும் என்று தேட முடியும்.

நான்கு கதவுகள்

தேடிப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். இந்தத் தொழில் நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும். நான்கின் சாவியும் நான்கு பேரிடம் இருக்கிறது.

முதல் கதவு நிலம். பட்டாவில் அந்த நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். குடியிருப்பா, வணிகமா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரம்.

இரண்டாவது கதவு கட்டடம். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் அடுக்குமாடி உரிமையாளர்கள் அடங்கிய நிர்வாகக் கழகத்துக்குக் கூடுதல் விதிகள் இயற்றும் உரிமையைத் தருகிறது. அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதாவது, பதிவான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு.

மூன்றாவது கதவு ஊராட்சி மன்றம். ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்கள் வணிக உரிமம் வழங்குவது 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் அடிப்படையில்தான்.

நான்காவது கதவு மத்திய அரசு. கூட்டரசு அரசியலமைப்பில் சுற்றுலா மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017 செப்டம்பரில் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் இணைய முன்பதிவுத் தளங்களும் அதை வசூலித்துக் கட்ட வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். முன்பதிவு நடந்த அந்த நிமிடமே வரி எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அந்த வீடு எந்த மாடியில் இருக்கிறது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. தங்கும்விடுதி நடத்துபவர் விருந்தினர் விவரத்தைப் பதிய வேண்டும் என்று 1965-இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் இருப்பது வாசலில் காவலர் வைத்திருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். அதிலும் பாதிப் பெயர்களைப் படிக்க முடியாது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சட்டம் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. கோலாலம்பூர், மோன் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் கட்டடத்தின் நிர்வாகக் கழகம் குறுகிய கால வாடகையைத் தடை செய்து விதி இயற்றியது. சில உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். ‘நிர்வாகக் கழகத்தின் விதி எதுவும் வீட்டை விற்பதையோ, குத்தகைக்கு விடுவதையோ, வேறு பரிவர்த்தனை செய்வதையோ தடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்கிறதே’ என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது.

வழக்கு உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் தாண்டி, 2020-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. முடிவு நிர்வாகக் கழகத்தின் பக்கம். காரணம் நுட்பமானது. இரண்டு இரவு தங்க வருபவர் வாடகைக் குடியிருப்பாளர் ஆகிவிட மாட்டார். அங்கே தங்கிக்கொள்ள அவருக்குக் கிடைப்பது வெறும் அனுமதி. வீட்டின் மீது அவருக்கு எந்த உரிமையும் உண்டாவதில்லை. எனவே அது பிரிவு சொல்லும் ‘பரிவர்த்தனை’க்குள் வராது, தடை செல்லும். இன்னொன்றையும் கவனியுங்கள். அது வணிக நிலத்தில் நின்ற கட்டடம். பட்டா வணிகம் என்பதாலேயே நாள் வாடகைக்கு விடும் உரிமை தானாக வந்துவிடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

58-க்கு 27

இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் கட்டடத்திலும் போன ஆண்டு பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வைத்தார்கள். தடைக்கு ஆதரவு 58, எதிர்ப்பு 27. வெற்றிதானே என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் 68 விழுக்காடு. 75 தொடவில்லை. தீர்மானம் தோற்றது.

என் அப்பா அன்று வாக்களிக்கவில்லை. உடல்நிலை சரியில்லாமல் வேலையை விட்டிருந்ததால் பராமரிப்புக் கட்டணம் மூன்று மாதம் பாக்கி. பாக்கி உள்ள உரிமையாளர் வாக்களிக்க முடியாது என்பது சட்டம். அவரைப் போல் பலர் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் 23 பேர் ஆதரவாகக் கை தூக்கியிருந்தால் தீர்மானம் வென்றிருக்கும். வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் அங்கே குரல் இல்லை. சத்தத்தை அதிகம் கேட்பவர்களில் பலர் கணக்கிலேயே வரவில்லை.

வென்றிருந்தாலும் முழுத் தீர்வு கிடைத்திருக்காது. நிர்வாகக் கழகம் விதிக்கும் அபராதம் 200 ரிங்கிட்டைத் தாண்ட முடியாது. ஓர் இரவுக்கு 280 வாங்குபவர் 200 கட்டிவிட்டு 80-ஐ மிச்சம் பிடிக்கலாம். அப்புறம் அது அபராதமா, இன்னொரு செலவா?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

நீரிணையின் அக்கரையைப் பாருங்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. அரசாங்க வீவக வீடுகளுக்கு 6 மாதம். 2018-இல் விதியை மீறிய இருவருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பினாங்கு 2023-இல் குடியிருப்பு அடுக்குமாடிகளில் தடை போட்டது. வணிகக் கட்டடங்களில் மட்டும் அனுமதியோடு, ஆண்டுக்கு 180 நாள் வரம்போடு விட்டது. நியூயார்க் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து பதிவைக் கட்டாயமாக்கியது. 30 நாளுக்குக் குறைவாக விட்டால் உரிமையாளரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே போய், 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது. உள்ளூர்வாசிகளுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் காரணம் மாணவர்களாகிய நமக்கும் அந்நியமில்லை. ஸ்கூடாய் பக்கம் அறை தேடிப் பாருங்கள். ‘நாள் வாடகை மட்டும்’ என்ற பதில் எனக்கே மூன்று இடங்களில் கிடைத்தது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரையிலான ஆர்டிஎஸ் ரயில் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் திறனோடு கட்டப்படுகிறது. நிலையத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளை எத்தனை பேர் எந்தக் கணக்கோடு வாங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

என் கருத்து

முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. அத்தையின் முகம் கண்முன் வருகிறது என்பது ஒரு காரணம். தடை போட்டால் தொழில் ஒளிந்துகொள்ளும் என்பது இன்னொன்று. ஆனால் இப்போதைய நிலை யாருக்கும் நல்லதில்லை. மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும்.

ஒன்று, ஊராட்சி மன்றம் தரும் பதிவு எண் இல்லாமல் எந்த இணையத் தளத்திலும் வீட்டைப் பட்டியலிட முடியாது என்ற நிலை. வரியைப் பிடிக்க முடிகிற தளத்துக்கு எண்ணைக் கேட்கவும் முடியும்.

இரண்டு, ஒரு வீட்டை வைத்துப் பிழைப்பவருக்கும் பத்து வீடுகளை எடுத்து நடத்தும் நிறுவனத்துக்கும் வெவ்வேறு உரிமம். முதலாமவருக்குக் குறைந்த கட்டணமும் எளிய பாரமும் போதும். இரண்டாமவர் தங்கும்விடுதிதான் நடத்துகிறார், அதற்குரிய தீயணைப்பு விதிகளையும் பதிவேட்டையும் அவர் ஏற்க வேண்டும்.

மூன்று, இரவு நேரத்தில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண். அதே மாடியில் உள்ள எல்லா வீடுகளிடமும் அது இருக்க வேண்டும். தொடர்ந்து புகார் வந்தால் உரிமம் போக வேண்டும். உரிமம் போய்விடும் என்ற பயம் 200 ரிங்கிட் அபராதத்தைவிட வலிமையானது.

நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் இருப்பதால் இதற்காக யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. பினாங்கு செய்ததை ஜொகூரும் தன் வழியில் செய்யலாம்.

இதை அத்தையிடம் சொன்னேன். “ஏம்மா, ஹோட்டல்காரனுக்குப் போடுற சட்டத்த எனக்கும் போட்டா நான் எங்க போவேன்?” என்றார். “அதனாலதான் அத்தை ரெண்டு உரிமம் கேக்குறேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நம்பர் குடுக்கிறதுல எனக்கு ஒன்னும் இல்ல. ராத்திரி கூப்பிட்டா எடுப்பேன்.” மறுநாளே தன் மாடியில் இருக்கும் ஆறு வீடுகளிலும் போய்த் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார்.

9-7-இன் உரிமையாளர் எண் எங்களிடம் இன்னும் இல்லை. அப்பா பாக்கியைக் கட்டிவிட்டார். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர் கை தூக்குவார். உங்கள் வீட்டுக்கும் அந்தக் கூட்ட அறிவிப்பு வரும். குப்பைக் காகிதம் என்று தூக்கிப் போடாமல் பெற்றோரோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.